முதலில் யார் தூக்குவது?

திண்டுக்கல் மாவட்டத்தில் சித்தரேவு, அய்யம்பாளையம் பக்கத்துத் தென்னந்தோப்புகளைத் தாண்டியதும் சாலை மலையேறத் தொடங்குகிறது. பெரும்பாறை, தடியன்குடிசை, தாண்டிக்குடி என்று கீழ்ப்பழனி மலையின் காப்பித் தோட்டங்களுக்குள் வளைந்து வளைந்து போகும் வழி இது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மழைக்காலத்தில் மண் சரியும். இருட்டினால் காட்டுமாடு குறுக்கே நிற்கும். வாழைத்தாரும் மிளகும் காப்பியும் இறங்கும் பாதையில்தான், வத்தலக்குண்டு வழியில் நெரிசல் என்று கேள்விப்பட்ட கொடைக்கானல் சுற்றுலா வண்டிகளும் ஏறுகின்றன.

இந்தச் சாலையில் ஒரு வண்டி கவிழ்ந்தால், அடுத்து வருகிற வண்டி நிற்கும். யாராவது ஒருவர் அரிவாளை எடுத்து ஓரத்து மரத்தில் நாலு கிளையை வெட்டி, வளைவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரோட்டில் போடுவார். தழை கிடந்தால் முன்னால் ஏதோ நிற்கிறது என்பது மலையில் ஓட்டும் எல்லா டிரைவருக்கும் தெரியும். பிறகு டயருக்கு அண்டக் கல். (வண்டியை எடுத்த பின் அந்தக் கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போவதும் உண்டு. இரவில் வரும் பைக்காரருக்கு அதுவே அடுத்த விபத்து.) அதன்பின் அடிபட்டவரைத் தூக்குவார்கள், வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள், கடைசியாகத்தான் போலீஸ்.

மலை ஊர்களின் வரிசை இது. சட்டம் வேறொரு வரிசையில் வந்தது. அது முதலில் டிரைவரின் பெயரைக் கேட்டது. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னது 1939-இல். அவரைத் தூக்கி வந்த மூன்றாம் மனிதரை நினைத்துப் பார்க்க 2016 வரை ஆனது.

மோட்டாருக்கு முன்னால் பழனி மலையில் ஏறியவை மனிதத் தோள்களும் மட்டக்குதிரைகளும்தான். 1845-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1863-இல் வெர் லெவிஞ்ச் ஏரியை அமைத்தார். மலையேற வருபவர்கள் பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரை மாட்டுவண்டியில் வந்து, அங்கிருந்து டோலியில் ஏறினார்கள். 1875-ஐ ஒட்டி ரயில் மதுரையைத் தாண்டித் தெற்கே போனபோது அம்மையநாயக்கனூர் நிலையத்துக்குக் கொடைக்கானல் ரோடு என்ற பெயர் வந்து சேர்ந்தது. அங்கே இறங்கியவருக்கும் மேலே போக டோலிதான் கதி. கீழ்மலைத் தோட்டங்களின் விளைச்சல் பொதிக்குதிரை முதுகில் இறங்கியது. வண்டி போகாத சில தோட்டங்களில் இன்றும் அப்படித்தான் இறங்குகிறது.

அந்தக் காலத்தில் டோலி தூக்கியவர் வழுக்கி விழுந்து கால் முறிந்தால் கேட்க நாதியில்லை. சட்டப் புத்தகத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டம்: பிறர் தவறால் செத்தவரின் குடும்பம் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். மற்றொன்று, இந்திய தண்டனைச் சட்டத்தில் 1870-இல் சேர்ந்த 304ஏ பிரிவு: அஜாக்கிரதையால் உயிர் போக்கியவருக்கு இரண்டு வருடம் வரை சிறை. இரண்டுமே மதுரைக் கச்சேரியின் சமாசாரம். மலையிலிருந்து அங்கே போய்வர யாரிடம் பணம் இருந்தது? மறுபடி டோலி கட்டி மலையிறக்குவதுதான் நடந்தது. கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகெவி ஊரார் நோயாளியை டோலியில் சுமந்து வரும் படம் நம் காலத்துப் பத்திரிகைகளிலும் வந்திருக்கிறது.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலைக்கு மேஜர் லா என்ற ஆங்கிலப் பொறியாளரின் பெயரால் ‘லாஸ் காட்’ என்று பெயர். முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி அதில் மோட்டார் ஏறத் தொடங்கியது. இந்தியாவுக்கான முதல் மோட்டார் வாகனச் சட்டமும் அதே சமயத்தில், 1914-இல்தான் வந்தது.

விபத்து அதற்குள் உலகத்துக்குப் பழகிவிட்டிருந்தது. 1869-இல் அயர்லாந்தில் மேரி வார்டு என்ற அறிவியலாளர் நீராவி வண்டியிலிருந்து விழுந்து இறந்தார். 1896-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் அருகே பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண் காரில் அடிபட்டு இறந்தார். 1903-இன் பிரிட்டிஷ் மோட்டார் கார் சட்டம், விபத்து நடந்தால் டிரைவர் வண்டியை நிறுத்திப் பெயரும் விலாசமும் சொல்ல வேண்டும் என்றது. 1914-இன் இந்தியச் சட்டம் அதே தடத்தில் நடந்தது: மனிதருக்கோ விலங்குக்கோ வண்டிக்கோ விபத்து நேர்ந்தால் நிறுத்து. குதிரையோ மாடோ மிரள்கிறது என்று அதை ஓட்டுபவர் கேட்டாலும் நிறுத்து. பொதிக்குதிரை இறங்கும் மலைப்பாதைக்குப் பொருத்தமான விதிதான். அடிபட்டுக் கிடப்பவரை என்ன செய்வது என்பதைத்தான் அந்தச் சட்டம் டிரைவரின் மனசாட்சிக்கு விட்டுவிட்டது.

1939-இன் சட்டம்தான் அந்த இடைவெளியை அடைத்தது. அதன் 89-ஆம் பிரிவு டிரைவருக்குச் சில கடமைகளைச் சொன்னது. அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்க ஆனதைச் செய்ய வேண்டும். தேவையானால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த இடத்தில் போலீஸ் இல்லையென்றால் அருகிலுள்ள நிலையத்தில் கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், தகவல் சொல்ல வேண்டும். வண்டியால் பிறருக்கு வரும் கேட்டுக்குக் கட்டாயக் காப்பீடு என்ற அத்தியாயமும் அதே சட்டத்தில் இருந்தது. அது நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1-இல்.

“பக்கத்து ஆஸ்பத்திரி” என்று எழுதுவது எளிது. கொடைக்கானலில் அமெரிக்க மிஷன் டாக்டர் ஒருவரின் பெயர் தாங்கிய வான் ஆலன் மருத்துவமனை இருந்தது. பெரும்பாறையிலிருந்து அதற்கு மலை மேலேயே சுற்றிப் போக வேண்டும். கீழே இறங்கினால் சின்னாளப்பட்டி. அங்கே 1947-இல் இரண்டு படுக்கைகளோடு ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார் டாக்டர் சௌந்திரம். அதுவே காந்திகிராமத்தின் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டு, பிறகு மதுரையைத் தலைமையிடமாக்கிக்கொண்ட டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள் அவர். தென்மாவட்டச் சாலைகளுக்கு மோட்டாரைக் கொண்டுவந்த குடும்பத்திலிருந்தே இந்த மலையடிவாரத்துக்கு வைத்தியமும் வந்தது. ஆனால் கஸ்தூரிபா முதன்மையாகப் பிரசவத்துக்கும் தாய் சேய் நலத்துக்குமானது. தலைக்காயம், இடுப்பெலும்பு முறிவு என்றால் மதுரை எர்ஸ்கின் மருத்துவமனைதான். இன்றைய ராஜாஜி மருத்துவமனை.

ஆள் பிழைத்தாலும் போனாலும் அடுத்து வருவது பணம். 1956 வரை அதற்கு உரிமையியல் வழக்குத்தான் போட வேண்டும். கேட்கும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். சம்பாதித்தவரையே இழந்த வீடு கட்டணத்துக்கு எங்கே போகும்? அந்த ஆண்டு வந்த திருத்தம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. கட்டணம் குறைந்தது, நடைமுறை சுருங்கியது.

ஒரு முட்டுக்கட்டை மட்டும் விலகவில்லை. டிரைவர் மீது தவறு என்று நிரூபித்தால்தான் இழப்பீடு. 1977-இல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நாலு பேர் பார்க்கும் கடைவீதிக்கு அது சரிப்படலாம். பனி மூடிய கொண்டை ஊசி வளைவில் நடந்ததற்குச் சாட்சி யார்? பாறையும் மரமும் கூண்டேறுமா? பிரேக் பிடிக்கவில்லை, திடீரென்று கோளாறு என்று வண்டிக்காரர் சொல்லிவிட்டால் செத்தவரின் மனைவி அதை எப்படி மறுப்பார்?

1982-இல்தான் விடை கிடைத்தது. தவறு யாருடையது என்று கேட்காமலே, மரணத்துக்கு 15,000 ரூபாயும் நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாயும் தர வேண்டும் என்று சட்டம் திருந்தியது. இந்தத் தொகைகள் 1988-இன் புதிய சட்டத்தில் 25,000, 12,000 ஆயின. 1994-இல் 50,000, 25,000. 2019-இன் திருத்தம் வேறொரு வழியைத் திறந்தது: தவறை நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் பெறலாம். இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் 1 முதல் மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அதற்கான தனி நிதியிலிருந்து வருகின்றன.

எங்கே வழக்குப் போடுவது என்பதிலும் மாற்றம் வந்தது. 1985 செப்டம்பரில் திண்டுக்கல் தனி மாவட்டமானதும் கீழ்மலைக்காரர்களுக்கு மதுரை அலைச்சல் குறைந்தது. கொடைக்கானல் பார்க்க வந்து அடிபட்ட கேரளக் குடும்பம் தன் சொந்த ஊர்த் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம் என்றது 1994-இன் திருத்தம். மனுவுக்கு இருந்த ஆறு மாதக் கெடுவையும் அதே திருத்தம் எடுத்துவிட்டது. 2019-இன் சட்டம் எடுத்ததைத் திருப்பி வைத்தது. 2022 ஏப்ரலிலிருந்து கெடு மறுபடி ஆறு மாதம்.

பெரும்பாறை போன்ற ஊர்களைக் குறிவைத்தே எழுதியதோ என்று தோன்றும் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. மாலையில் தோட்டத்திலிருந்து பிக்கப் இறங்குகிறது. வாழைத்தார்களின் மேல் ஏழெட்டுப் பேர். ஒருவர் தாருக்குச் சொந்தக்காரர். இருவர் சுமை ஏற்றி இறக்குபவர்கள். மற்றவர்கள், அடுத்த பஸ் எப்போதோ என்று கை காட்டி ஏறிக்கொண்டவர்கள். வண்டி கவிழ்கிறது. எல்லோர் உடம்பிலும் ஓடுவது ஒரே ரத்தம்தான். காப்பீட்டு பாலிசிக்கு அவர்கள் மூன்று சாதி. சரக்கின் உரிமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் 1994-இலிருந்து கட்டாயக் காப்பீட்டின் பாதுகாப்பு உண்டு. வண்டிக்காரரின் வேலையாட்களுக்கு, 1923-இல் பிறந்த தொழிலாளர் இழப்பீட்டு முறையின் வழியும் இருக்கிறது. சும்மா ஏறியவர்களுக்குச் சரக்கு வண்டியின் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் வண்டி உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும். கடன் வாங்கி ஒரே ஒரு பிக்கப் ஓட்டுபவரிடம் தீர்ப்புக் காகிதத்தை நீட்டி என்ன வாங்க முடியும்? போலீஸ் வாக்குமூலத்தில் “நான் வாழைத்தார் ஏற்றி வந்தேன்” என்பதும் “வழியில் ஏறினேன்” என்பதும் லட்சங்களில் வித்தியாசப்படுவது இதனால்தான்.

அதனால் காகிதம் முக்கியமாகிறது. விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் பார்த்து எழுதும் மகஜர், அதோடு போடும் மாதிரி வரைபடம், எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரியில் அனுமதித்தபோது எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகல், காயச் சான்று: தீர்ப்பாயம் இவற்றைத்தான் கேட்கும். அடுத்து பிரேக் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட். மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அரசாங்கப் பெயர். தமிழ்நாட்டு டிரைவர்களின் வாயில் அவர் என்றைக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். நொறுங்கிய வண்டியைச் சோதித்து, விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமா இல்லையா என்று அவர் எழுதும் ஒரு வரி வழக்கின் தலையெழுத்தை மாற்றும். மலைச்சாலையில் டிரைவர் எடுத்த எடுப்பில் சொல்வது “பிரேக் பிடிக்கலை” என்பதைத்தானே? ஆகவே வண்டியை நகர்த்துமுன் நாலு பக்கமும் படம் எடுத்துவைப்பதும், டயர் இழுத்த தடத்தை மழை கழுவுமுன் பதிவு செய்வதும், எதிர்வண்டியின் எண்ணையும் பாலிசி விவரத்தையும் குறித்துக்கொள்வதும் வீண்வேலை இல்லை. மத்திய அரசு 2022-இல் கொண்டுவந்த விதிகளின்படி, விசாரணை அதிகாரியே 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும்.

காகிதத்தின் மறுமுகம் பயம். தூக்கிக்கொண்டு போனவரிடம் ஆஸ்பத்திரி பெயர் கேட்கும். போலீஸ் “நீதான் இடிச்சியா?” என்று கேட்கும். சாட்சி சம்மன் வந்தால் தோட்ட வேலையை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். “நமக்கெதுக்கு வம்பு” என்ற சொல் மலையிலும் ஏறியது இப்படித்தான். டிரைவருக்கு வேறு பயம்: நின்றால் கூட்டம் அடிக்கும். 1988-இன் சட்டம் இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. அதன் 134-ஆம் பிரிவு டிரைவரின் கடமைகளைச் சொல்லிவிட்டு, கும்பலின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் ஒழிய, என்று விலக்கும் வைத்தது.

ஆஸ்பத்திரிகளின் பயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. வடக்கே ஸ்கூட்டரில் போன ஒருவரைக் கார் இடித்தது. யாரோ ஒருவர் அவரை அருகிலிருந்த மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார். போலீஸ் கேஸ் என்பதால் அங்கே எடுக்கவில்லை. இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொரு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். வழியிலேயே உயிர் போனது. இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த பரமானந்த் கட்டாரா வழக்குத் தொடுத்தார். அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பதே முதல் வேலை, போலீஸ் நடைமுறைக்குக் காத்திருக்கக் கூடாது என்று 1989 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. 1994-இல் அது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே ஏறியது.

டாக்டரின் கடமை தெளிவாகிவிட்டது. தூக்கி வந்தவர் இன்னும் நடுத்தெருவில்தான் நின்றார். சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் தொடுத்த வழக்கில் 2016 மார்ச் 30-இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் வழிகாட்டு முறைகளுக்குச் சட்ட வலிமை கொடுத்தது. தூக்கி வந்தவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை. பணம் கட்ட வேண்டியதில்லை. விரும்பினால் ஒழிய சாட்சியாக வர வேண்டியதில்லை. 2019-இல் இது 134ஏ என்ற பிரிவாயிற்று. 2021-இல் உதவியவருக்கு 5,000 ரூபாய் வெகுமதி என்றார்கள். 2025-இல் அது 25,000 ஆனது.

நிலத்தில் நடந்த மாற்றம் இன்னும் பெரிது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. கயிற்றுக் கட்டிலிலும் ஜீப்பின் பின்சீட்டிலும் மடக்கிப் போட்டு இறக்கிய உடம்புகளைப் பலகையில் நேராகக் கிடத்தி, கழுத்துக்குப் பட்டை கட்டி இறக்கும் வழக்கம் அதன்பின் பரவியது. முதுகெலும்பில் அடிபட்டவரைத் தூக்கும் விதத்திலேயே அவருடைய கால்கள் மிச்சமாகுமா என்பது முடிவாகிவிடும். வண்டி தீப்பிடித்தாலோ பள்ளத்தில் இன்னும் சரிந்தாலோ உடனே இழுத்துத்தான் ஆக வேண்டும். மற்ற நேரத்தில் ரத்தம் கொட்டும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து, கழுத்தை ஆட்டாமல் 108-க்குக் காத்திருக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். வாயில் தண்ணீர் ஊற்றும் நம் ஊர் அவசரம் மயங்கிக் கிடப்பவருக்கு ஆபத்து. தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சைச் செலவை, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை, மாநில அரசே ஏற்றது. எந்த மாநிலத்தார், எந்த நாட்டார் என்ற கேள்வியில்லை. 2025 மேயில் மத்திய அரசும் ஏழு நாளைக்கு ஒன்றரை லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை என்று அறிவிக்கை செய்தது. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. ‘பொன்னான நேரம்’ என்று சட்டம் சொல்வது அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தை. பெரும்பாறையிலிருந்து மலையிறங்கித் திண்டுக்கல் போய்ச் சேர்வதற்குள் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். வளைவில் சிக்னல் கிடைக்காமல் போனால் தகவல் சொல்வதற்கே கொஞ்சம் போய்விடும்.

தீர்ப்பு வந்தாலும் பணம் கைக்கு வருவது தனிக் கதை. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தனி நிதி ஏற்படுத்திக்கொண்டு கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற சட்டம் இடம் தருகிறது. அப்போது இடையில் காப்பீட்டு நிறுவனம் இல்லை; கழகமே தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஜப்தி. நீதிமன்ற அமீனா பஸ் ஸ்டாண்டுக்கு வருவார், ஏற வந்தவர்கள் பையோடு வேறு பஸ் தேடுவார்கள், கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டிய பஸ் கோர்ட் வளாகத்துக்குப் போய் நிற்கும். திண்டுக்கல் உள்பட தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றில் இது பழகிப்போன காட்சி.

கடைசியாகக் கிளம்பிய சண்டை, எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வியைப் பற்றியது: டிரைவர் நிற்க வேண்டுமா? 304ஏ-க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு சிறைத் தண்டனையை ஐந்து ஆண்டு வரை உயர்த்தியது. ஆளைக் கொன்றுவிட்டுப் போலீஸுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ உடனே சொல்லாமல் தப்பினால் பத்து ஆண்டு என்றது அதன் இரண்டாம் உட்பிரிவு. 2024 ஜனவரியில் வட மாநிலங்களில் லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்கள். நின்றால் கூட்டம் கொல்லும், ஓடினால் சட்டம் கொல்லும் என்பது அவர்கள் கட்சி. அரசு இறங்கி வந்தது. 2024 ஜூலை 1-இல் சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். அதனால் பெரும்பாறைச் சாலையில் ஓட்டுபவருக்கு இன்றைக்கும் 1939-இல் வகுத்த அதே 24 மணி நேரக் கணக்குத்தான். கூட்டத்துக்குப் பயந்து இடத்தை விட்டு நகர்ந்தவரும் அந்த நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தகவல் சொல்லியாக வேண்டும்.